ஒன்று முதல் பதினைந்து வரை: குடும்ப வரலாற்றைத் தொடங்க முடியாமல் நின்ற அனுபவங்கள்

குடும்ப வரலாற்றைத் தேடி எழுத வேண்டும் என்று ஆசை வந்த பிறகும், முதல் வரியை எழுத எனக்கு மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் அதே நினைப்புதான். எந்த மென்பொருள் நல்லது, டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்ளலாமா, அப்பா வழியை முதலில் எடுப்பதா அம்மா வழியை எடுப்பதா என்று படித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருந்தேன். ஒரு பெயர்கூட எழுதவில்லை.

எங்கே சிக்கிக்கொண்டேன் என்று இப்போது புரிகிறது. மேலே போகப் போக முன்னோர்கள் இரட்டிப்பாகிறார்கள். பெற்றோர் 2 பேர், தாத்தா பாட்டிகள் 4 பேர், அப்புறம் 8, 16, 32. பத்துத் தலைமுறை மேலே போனால் 1024 இடங்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்திருந்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார், அதனால் ஆட்கள் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் அத்தனை இடங்களையும் மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை எழுதுமா?

என்னை எழுத வைத்தது ஒரு எண் முறை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மிக்காயேல் ஐட்சிங்கர் 1590-ல் வெளியிட்ட நூலில் இருந்தது. 1676-ல் ஸ்பெயினின் சோசா அதை எடுத்தாண்டார், 1898-ல் ஜெர்மனியின் ஸ்ட்ராடோனிட்ஸ் பரவலாக்கினார். முறை இவ்வளவுதான்: நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா வருவார், அதோடு ஒன்றைக் கூட்டினால் அம்மா. அம்மா 3 என்றால் அம்மாவின் அப்பா 6, அம்மாவின் அம்மா 7. அந்த 7-இன் பெற்றோர் 14, 15.

ஒரு பழைய டைரியில் 1 முதல் 15 வரை வரிசையாகப் போட்டேன். 1024 வேண்டாம், 15 போதும் என்று வைத்துக்கொண்டேன். தெரிந்ததை எல்லாம் எழுதி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காலியாக நின்ற எண்கள் நான்கு: 9, 11, 13, 15.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கும் ஒற்றைப்படை. நான்கு பேரும் பெண்கள். கொள்ளுத்தாத்தாக்கள் நால்வரின் பெயரும் எனக்குத் தெரிந்திருந்தது, கொள்ளுப்பாட்டிகளில் ஒருவர் பெயர்கூடத் தெரியவில்லை. அப்பா வழியா அம்மா வழியா என்று மூன்று வருடம் குழம்பிய கேள்வி அந்த இடத்தில் போய்விட்டது. இந்த நான்கு பேரை யாருக்குத் தெரியும் என்பது மட்டும்தான் மிச்சம்.

13-ம் 15-ம் பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இருவரும் அவருக்குச் சொந்தப் பாட்டிகள். வயது 84. போய் "பழைய கதை சொல்லுங்க பெரியம்மா" என்றேன். "என்னத்தச் சொல்ல, எல்லாம் போச்சு" என்றார். அது நான் கேட்ட விதத்தின் தவறு. வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த ஒரு புகைப்படத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். ஓரம் மடங்கி, நடுவில் வெள்ளையாக வெடித்த படம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரல் ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. நாங்கள் இத்தனை நாள் தாத்தா என்று நினைத்திருந்தவரைத் தொட்டு, "இது உங்க தாத்தா இல்ல, அவரோட அண்ணன்" என்றார். வலது ஓரத்தில் பாதி மறைந்து நின்ற பெண்ணிடம் விரல் நின்றது. "எங்க அம்மாவோட அம்மா."

பேர் கேட்டேன். "பாட்டின்னுதானே கூப்பிட்டோம்." அதற்கு மேல் வரவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் போன். "எழுதிக்கோ. எங்க அப்பாவுக்குக் கோபம் வந்தா அம்மாவைப் பாத்து, இன்னார் மகதானே நீன்னு கத்துவார். ராத்திரி அந்தச் சத்தம் காதுல கேட்டுச்சு." அந்தப் பெயரைச் சொன்னார். 15-க்கு எதிரே எழுதினேன். ஒரு பெண்ணின் பெயர் மருமகனின் கோபத்தில் மட்டும் பிழைத்திருந்தது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்த நாள் சொன்னது என்று குறித்து வையுங்கள். அம்மாவின் பிறந்த வருடம் சான்றிதழில் ஒன்று, அம்மா சொல்வது வேறொன்று. இரண்டையும் எழுதியிருக்கிறேன். எது சரி என்று முடிவு செய்யும் வரை எழுதாமல் காத்திருந்தால் மறுபடியும் அதே மூன்று வருடம்தான்.

* * *

மேலே எழுதியவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சின்னத் தாத்தாவிடம் கேட்பதற்காக 60 கேள்விகள் தயார் செய்தேன். நல்ல ஒலிப்பதிவுக் கருவி வாங்கிவிட்டுப் போகலாம், கேள்விகளைச் சரியாக வரிசைப்படுத்திவிட்டுப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். துக்கத்துக்குப் போன வீட்டில் அந்தக் காகிதம் என் பையிலேயே இருந்தது. அவரிடம் ஒரே ஒரு கேள்வியாவது போனில் கேட்டிருக்கலாம். கையில் இருக்கும் போனிலேயே ஒலிப்பதிவு இருக்கிறது, அதுவே போதும்.

* * *

மென்பொருள் பற்றித் தயங்குகிறவர்களுக்கு மட்டும் இது. நானும் நான்கைந்து மென்பொருள்களை ஒப்பிட்டே ஒரு வருடத்தைக் கழித்தவன். பின்னால் தவறான மென்பொருளில் மாட்டிக்கொள்வோமோ என்பதுதான் பயம். 1984-லேயே இதற்கென்று ஜெட்காம் என்ற பொதுக் கோப்பு வடிவம் வந்துவிட்டது. பெரும்பாலான மென்பொருள்கள் அந்த வடிவத்தில் கோப்பை வெளியே எடுக்கவும் உள்ளே ஏற்றவும் விடுகின்றன. பெயர், உறவு, தேதி எல்லாம் கூடவே வரும். படங்களை மட்டும் தனியாக நகல் எடுத்து வையுங்கள். நான் இரண்டு முறை மாறிவிட்டேன், ஒரு ஆள்கூட விடுபடவில்லை.

டிஎன்ஏ பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோர் ஒவ்வொருவரோடும் நமக்கு டிஎன்ஏவில் 50 சதவீதம் ஒன்றாக இருக்கும், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்களுடைய பிள்ளைகளோடு சராசரியாக 12.5 சதவீதம். ஒருவர் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று அது காட்டும், கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சொல்லாது. வீட்டில் யாருமே எதிர்பார்க்காத உறவு தெரிய வரவும் வாய்ப்பு உண்டு. அதனால் வீட்டாரிடம் பேசிவிட்டு, நிதானமாகச் செய்யலாம். முதல் வேலையாக அது வேண்டியதில்லை என்பது என் கருத்து.

* * *

இதையெல்லாம் படித்துவிட்டு இன்று மாலை ஒரு தாளில் 1 முதல் 15 வரை போட்டுப் பார்த்தேன். எனக்கும் 9, 11, 13, 15 காலி. கூடவே 8-ம் தெரியவில்லை. அப்பாவின் அத்தை ஒருவர் இருக்கிறார், அவருக்கு 8-ம் 9-ம் சொந்த அப்பா அம்மா. கேள்வி எதுவும் தயார் செய்யவில்லை. அவர் கல்யாணப் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் கிளம்புகிறேன்.