தோளுக்கும் இடுப்புக்கும் ஃபில்லர் போடலாமா? இயல்பாகத் தெரியுமா?

கேள்வி: சுவோன் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் தென்கொரியாவின் சுவோன் நகரில் ஆய்வுப் பணியில் இருக்கிறேன். எனக்குச் சிறுவயது முதலே ஒல்லியான உடல்வாகு. தோள்கள் சரிந்திருக்கும்; இடுப்பெலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்வாங்கிப் பள்ளமாக இருக்கும். புடவையில் அது தெரிவதில்லை, ஆனால் உடலோடு ஒட்டிய ஆடை எதை அணிந்தாலும் பளிச்சென்று தெரிகிறது. இங்கே நேராக விரிந்த தோளும் வளைவான இடுப்பும்தான் அழகு என்ற எண்ணம் வலுவாக இருப்பதால், சியோலின் கங்னம் பகுதியில் தோள் ஃபில்லர், இடுப்பு ஃபில்லர் (தோலுக்கடியில் ஊசியால் செலுத்திப் பள்ளத்தை நிரப்பும் பொருள்) என்ற விளம்பரங்களைப் பார்க்காமல் நடக்கவே முடியாது.

அண்மையில் ஒரு மருத்துவமனைக்கு ஆலோசனைக்காகப் போயிருந்தேன். என்னிடம் வெகுநேரம் பேசியவர் மருத்துவர் அல்லர், அங்கே பணிபுரியும் ஆலோசகர். இடுப்பின் ஒரு பக்கத்துக்கு 50 மி.லி. ஹயலுரானிக் அமில ஃபில்லர் போட்டால் பள்ளம் மறைந்துவிடும், பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம், அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றெல்லாம் சொன்னார். மருத்துவர் கடைசியில் வந்து சில நிமிடங்கள் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு இதில் ஆசை இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் முகத்துக்குப் போடும் ஒரு பொருளை இவ்வளவு அதிகமாக உடம்பில் செலுத்துவது சரியா என்ற ஐயம் விலகவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: தோல் மருத்துவர், கோவை

சகோதரி, உங்கள் ஐயம் நியாயமானது. அந்தப் பள்ளம் ஏன் உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும், தொடை எலும்பின் தலைக்குப் பக்கத்தில் வெளிப்புறம் புடைத்திருக்கும் பகுதிக்கும் இடையில் எலும்பின் தாங்கல் இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரமும், அங்கே படிந்திருக்கும் கொழுப்பும் ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் சிலருக்குப் பள்ளம் தெரிகிறது, சிலருக்குத் தெரிவதில்லை. அது நோயும் அல்ல, குறையும் அல்ல. உடற்பயிற்சியால் அங்குள்ள தசை சற்றுத் திரளலாமே தவிர, எலும்பின் அமைப்பு மாறாது.

தோளின் கதை வேறு. தோளின் வெளிப்புற உருண்டையைத் தருவது டெல்டாய்ட் தசை. அது முறையான எடைப் பயிற்சிக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். ஆகவே தோளுக்கு ஊசியை நாடுவதற்கு முன் சில மாதங்கள் பயிற்சியாளர் ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி செய்து பாருங்கள் என்றே நான் சொல்வேன். கழுத்தை ஒட்டிய டிரபீசியஸ் தசையில், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டுத் தோள்கோட்டை நேராக்குகிறார்கள் அல்லவா, அதன் பலன் சில மாதங்களில் தேய்ந்துவிடும். அளவு மிஞ்சினால் கையை உயர்த்துவதற்கும் பாரம் தூக்குவதற்கும் வலுக் குறையும்.

இனி அளவைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. முகத்துக்கான ஃபில்லர் பெரும்பாலும் 1 மி.லி. சிரிஞ்சில் வருகிறது, உதட்டுக்கு அந்த ஒன்றே போதும். இடுப்பு போன்ற அகன்ற இடத்தில் அதே 1 மி.லி. இருந்த சுவடே தெரியாது என்பதால்தான் 50 மி.லி. என்கிறார்கள். அவ்வளவு ஜெல் ஒரே இடத்தில் தேங்கும்போது உடல் அதைச் சுற்றி உறை கட்டலாம், அது இடம்பெயர்ந்து கீழே இறங்கலாம், மாதங்கள் கழித்துக்கூடத் தொற்று ஏற்பட்டுச் சீழ் வைக்கலாம். ஹயலுரானிடேஸ் என்ற நொதியால் கரைக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் உதட்டில் ஒரு துளியைக் கரைப்பதும், உறை கட்டிய 50 மி.லி.யைக் கரைப்பதும் ஒன்றல்ல. அதற்கு அந்த நொதியைப் பெருமளவில், பல தவணைகளில் செலுத்த நேரிடும். அந்த நொதிக்கே சிலருக்கு ஒவ்வாமை உண்டு.

உடல் வடிவமைப்புக்கென்றே ஸ்வீடனில் உருவான மேக்ரோலேன் என்ற ஹயலுரானிக் அமில ஜெல்லின் வரலாறு இங்கே பொருந்தும். மார்பகத்துக்கும் அதைப் பயன்படுத்தினார்கள்; மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் மேமோகிராம் எக்ஸ்ரே படங்களைச் சரியாகப் படிக்க விடாமல் அது குறுக்கிட்டதால் 2012-இல் அந்தப் பயன்பாடு கைவிடப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் உடல் வடிவத்தை மாற்றப் பெருமளவில் செலுத்துவதற்கு எந்த ஃபில்லருக்கும் அனுமதி தரவில்லை.

பாலி-எல்-லாக்டிக் அமிலம் என்ற மற்றொரு வகையும் இருக்கிறது. ஸ்கல்ப்ட்ரா என்ற பெயரில் 2004-இல் எச்.ஐ.வி. நோயாளிகளின் ஒட்டிய கன்னங்களுக்காக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இப்போது இடுப்புப் பள்ளத்துக்கும் அனுமதிக்கு அப்பாற்பட்ட முறையில் பயன்படுத்துகிறார்கள். அது இடத்தை நிரப்புவதைவிட, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை உடல் தானே உண்டாக்கும்படி தூண்டுகிறது. எனவே மாற்றம் மாதக்கணக்கில் மெல்ல வரும், பார்வைக்கும் இயல்பாக இருக்கும். ஆனால் அதைக் கரைக்க மருந்தே கிடையாது. முடிச்சு விழுந்தால் அதனோடு நெடுநாள் போராட வேண்டும்.

சொந்தக் கொழுப்பை எடுத்து வைப்பது மூன்றாவது வழி. அதில் கணிசமான பங்கை உடல் உறிஞ்சிவிடும். உங்களைப் போன்ற ஒல்லியானவர்களுக்கு எடுப்பதற்கே கொழுப்பு போதாமல் போகலாம். பிட்டத்தில் செய்யும் கொழுப்பு மாற்று சிகிச்சையில் 3000 பேரில் ஒருவர் வரை இறக்க நேர்ந்ததாக மருத்துவச் சங்கங்களின் கூட்டுக்குழு எச்சரித்திருந்தது. தசைக்குள் செலுத்திய கொழுப்பு பெரிய சிரைகள் வழியாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய் அடைத்ததே காரணம். புளோரிடா மாநிலத்தில் 2019-இல் தசைக்குள் செலுத்துவதைத் தடை செய்தார்கள். பக்கவாட்டு இடுப்பில், தோலடிக் கொழுப்புக்குள் மட்டும் செலுத்தினால் ஆபத்து குறைவு என்றாலும், அது கைதேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜனின் வேலை.

மறுமொழி: சியோலில் வசிப்பவர்

டாக்டர் மருத்துவத்தைச் சொல்லிவிட்டார். நான் இந்த ஊர் நடைமுறையை மட்டும் சொல்கிறேன். தென்கொரியாவில் மருத்துவ உரிமம் பெற்ற எவரும் அழகு சிகிச்சை செய்யலாம், அதற்கென மேற்படிப்பு படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர்ப்பலகையைக் கூர்ந்து பாருங்கள். மருத்துவமனையின் பெயரோடு சேர்ந்தே பிளாஸ்டிக் சர்ஜரி என்ற துறைப்பெயர் வந்தால் நடத்துபவர் அத்துறையின் வல்லுநர். பெயர் தனியாகவும், அதன் பக்கத்தில் 'சிகிச்சைத் துறை' என்ற சிறிய எழுத்துக்குப் பின் துறைப்பெயரும் இருந்தால் அவர் அத்துறை வல்லுநர் அல்லர் என்று கொள்ளலாம். வேகமாக நடந்து போகிறவர்களின் கண்ணில் இந்த வேறுபாடு படுவதில்லை.

அன்றே கட்டினால் தள்ளுபடி என்று சொல்லும் இடத்தில் அன்றைக்குக் கட்டாதீர்கள். கொரிய மொழி நன்றாகத் தெரிந்த தோழி ஒருவரை அழைத்துக்கொண்டு போய், ஊசி போடப்போகிற மருத்துவரிடமே பேச வேண்டும் என்று வற்புறுத்துங்கள். அதை மறுக்கிறவர்களிடம் உடம்பைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

மறுமொழி: ஒரு திருநங்கை, சென்னை

தங்கச்சி, இடுப்பு வளைவாக இருக்க வேண்டும் என்ற ஏக்கம் எங்களுக்கு நன்றாகப் புரியும். பலருக்கு அது அலங்கார விஷயம் மட்டும் அல்ல, தான் யார் என்பதைக் கண்ணாடியில் காண்பது. அதனால்தான் இதை எழுதுகிறேன்: செலவைத் தாங்க முடியாதவர்களிடம் மலிவான ஊசி என்று ஒன்று எப்போதும் வந்து சேரும், அதில் பெரும்பாலும் இருப்பது திரவ சிலிக்கோன். உலகின் பல நாடுகளில் திருநங்கையர் அதற்குப் பலியாகியிருக்கிறார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் அதற்கு எதிராகத் தனியே எச்சரிக்கை வெளியிட்டது.

எனக்கு நெருக்கமான ஒருவரின் இடுப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தோல் கறுத்து, கல்லைப் போல் இறுகி, ஒரு பக்கம் தொடை வரை இறங்கியிருந்தது. ஒருக்களித்துப் படுக்க அவரால் முடியாது. சதையோடு கலந்துவிட்டதால் முழுவதுமாக எடுக்க வழியில்லை என்று சர்ஜன்கள் சொல்லிவிட்டார்கள். ஹயலுரானிக் அமிலம் என்று சொல்லி என்ன வேண்டுமானாலும் செலுத்தலாம். ஆகவே மூடிய பெட்டியை உங்கள் கண்ணெதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். துணிக்கடையில் இடுப்புக்கு வைக்கும் பஞ்சுத் திண்டு கிடைக்கிறது. மேடையேறும் எங்கள் தோழிகள் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், யாருக்கும் தெரிவதில்லை. முடிவெடுக்கும் வரையிலாவது அதை அணிந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அக்காவுக்கும் டாக்டருக்கும் சியோல் நண்பருக்கும் மனமார்ந்த நன்றி. தோளுக்குப் பயிற்சியைத் தொடங்கப் போகிறேன். இடுப்பைப் பொறுத்தவரை, பிற்காலத்தில் துறை வல்லுநர் ஒருவரிடம் சிறிய அளவில் போட்டுக்கொள்ள முடிவு செய்தால் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும், டாக்டர்?

தோல் மருத்துவர், கோவை

மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு ஒவ்வொரு சிரிஞ்சுப் பெட்டியிலும் இருக்கும். அதை வாங்கி உங்கள் மருத்துவக் கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். எந்த ஆழத்தில், எந்தப் பக்கம், எத்தனை மி.லி. என்று எழுதி வாங்குங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது படம் பார்ப்பவரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதைக் கட்டி என்று ஐயுறக்கூடும். எப்போதாவது தோளில் போட்டுக்கொண்டால் தடுப்பூசி போட வரும் செவிலியரிடமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் ஊசியைக் குத்துவதும் அதே டெல்டாய்ட் பகுதியில்தான். போட்ட இடத்தில் தோல் வெளுத்து வலி கூடினாலோ, காய்ச்சலோடு சிவந்து வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, அந்த மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்துகொண்டு காத்திராமல் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.