புதுப்பிப்பு: தில்லிப் பல்கலைக்கழகத்தில் வரலாறு ஆனர்ஸுடன் கல்வியியல் மைனர்

வரலாறு ஆனர்ஸ் படித்துக்கொண்டே கல்வியியலை மைனராக (துணைப் பாடமாக) எடுக்க முடியுமா, அது ஆசிரியர் வேலைக்குப் போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முடியும். கைகொடுத்தது பதில் எழுதியவர்களில் ஆர்.கே.புரம் அக்கா சொன்ன யோசனைதான்: பொது விருப்பப் பாடங்களை (நம் துறைக்கு வெளியே நாமே தேர்ந்தெடுப்பவை) துறைக்கு ஒன்றாகச் சிதறவிடாமல் கல்வியியலிலேயே சேர்த்து எடுப்பது. ஒரு பாடத்துக்கு 4 கிரெடிட் (மதிப்பலகு). ஏழு பாடங்களில் 28 சேர்ந்தால், நான்காண்டுப் படிப்பின் முடிவில் மைனர் கிடைக்கும். மூன்றாண்டோடு வெளியேற நினைப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள்.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. போதிய மாணவர்கள் இல்லை என்று கல்லூரியில் இந்தப் பருவத்துக்கான கல்வியியல் பாடத்தையே நிறுத்தப் பார்த்தார்கள். பிற துறைத் தோழிகளிடம் பேசி, எல்லோருமாகக் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம், பாடம் நடக்கிறது. பதிவு தொடங்கும் முன்பே ஆள் சேர்த்துவிடுவது நல்லது.

வேலைக்கு மைனர் மட்டும் போதாது. இளங்கலைக்குப் பின் பி.எட். வேண்டும்; ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வும் (மத்திய அரசுப் பள்ளிகளுக்கு சிடெட்) எழுத வேண்டும். ஆனாலும் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று படிக்கும் அந்த வகுப்புக்காகவே இதை எடுக்கலாம் என்பேன். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் நான் படித்த நாள்களை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன்.