எதிராளியின் வாதத்தை முதலில் நாமே சொல்லிக்காட்ட வேண்டுமா?

சுவடி:
அரசியல் பேச்சு கைகலப்பு வரை போவதற்குக் கோபத்தைக் காரணம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் சொல்லாத ஒன்றுக்கு மற்றவர் பதில் சொல்லும்போதுதான் பெரும்பாலும் பேச்சு முறிகிறது. ஆகவே ஒரே ஒரு விதியை இங்கே வைக்கிறேன்: மறுக்கும் முன், எதிராளியின் நிலைப்பாட்டை அவரே "ஆமா, அதேதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி இரண்டு மூன்று வரியில் சொல்லிவிட வேண்டும்.

இது புதிதல்ல. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பிறர் கொள்கையைச் சொல்லும் பரபக்கம் வருகிறது. பிற மதத்தார் என்ன சொல்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லி, அப்புறம்தான் நூலாசிரியர் மறுக்கிறார். நம் காலத்தில் கணித உளவியலாளர் அனட்டோல் ராப்போபோர்ட் இதையே வாதவிதியாகச் சொன்னார்.

செய்முறை: அவர் பயன்படுத்திய சொற்களையே எடுங்கள், உங்கள் அடைமொழி வேண்டாம். முடிவை மட்டும் சொல்லாமல் அதற்கு அவர் வைத்த காரணத்தையும் சேருங்கள். "சரியாகச் சொன்னேனா?" என்று கேட்டு நிறுத்துங்கள். அதே பதிவில் "ஆனால்" போட்டால் செய்த வேலை வீண்.

கட்டாய வாக்களிப்பை எதிர்ப்பவரிடம் "அப்போ மக்கள் ஓட்டுப் போடாவிட்டாலும் பரவாயில்லை என்கிறீர்களா?" என்று கேட்பது திரிப்பு. "வாக்களிப்பது உரிமை என்றால், அதைப் பயன்படுத்தாமல் இருக்கவும் இடம் வேண்டும். எந்த வேட்பாளரையும் ஏற்காதவரை அபராதம் காட்டி வரிசையில் நிறுத்துவது அவருடைய மறுப்பைப் பறிப்பதாகும். இதுதானே?" என்பது சரியான சுருக்கம். இதற்கு அவர் தலையாட்டுவார்.

மறுதலை:
கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் மூன்று இடத்தில் உடைகிறது.

ஒன்று, உழைப்புக் கணக்கு. பொய்யை ஒரு வரியில் எழுதிவிடலாம், மறுக்கப் பத்து வரி வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பொய்யை நாகரிகமாகச் சுருக்கியும் தர வேண்டுமா? ஒரே மூச்சில் பதினைந்து குற்றச்சாட்டைக் கொட்டுபவரிடம் இந்த விதியோடு போனால் விடிந்துவிடும்.

இரண்டு, திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மைபோலத் தோன்றும். 1977-லேயே உளவியலாளர்கள் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ மூவரும் இதைச் சோதனையில் காட்டிவிட்டார்கள். நீங்கள் அழகாகச் சொல்லிக்காட்டுவது அந்தக் கூற்றுக்கு இன்னொரு சுற்று விளம்பரம்.

மூன்றுதான் எனக்கு முக்கியம். யாருடைய உரிமை பேசுபொருளோ, அவரிடமே "முதலில் உன்னை மறுப்பவனின் வாதத்தை நேர்த்தியாகச் சொல்" என்று கேட்கிறீர்கள். அடுத்தவன் வீடு எரியும்போது நிதானம் எளிது.

சுவடி:
முதல் இரண்டுக்கும் பதில் உண்டு. தகவலையும் மதிப்பீட்டையும் பிரிக்க வேண்டும். "அந்தச் சட்டம் இன்ன ஆண்டில் வந்தது" என்பது தகவல். அது தவறென்றால் சொல்லிக்காட்டத் தேவையில்லை. முதலில் சரியான தகவல், பிறகு தவறு ஒரே ஒரு முறை, அது ஏன் தவறு என்று ஒரு வரி, கடைசியில் மறுபடி சரியான தகவல். "அந்தச் சட்டம் நியாயமற்றது" என்பது மதிப்பீடு. என் விதி இதற்குத்தான்.

பதினைந்து குற்றச்சாட்டு வந்தால் பதினைந்துக்கும் பதில் சொல்லப் போனதே தவறு. "இதில் எது விழுந்தால் உங்கள் முடிவும் விழும்? அதை எடுப்போம்" என்று கேளுங்கள். ஒன்றைத் தேர்ந்தால் பேச்சு ஓடும். எதையும் தேர்ந்தெடுக்க மறுத்தால், அவர் பேச வரவில்லை என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதைப் பிறகு பேசுகிறேன்.

தேனீ:
சான்று கேட்பவர்களுக்காக. 2016-ல் அரசியல் ஆய்வாளர்கள் புரூக்மன், கல்லா இருவரும் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவின் மயாமியில் பயிற்சி பெற்றவர்கள் வீடுவீடாகப் போய் ஏறக்குறைய பத்து நிமிடம் பேசினார்கள். பொருள், திருநர் மீதான வெறுப்பு. குறை சொல்லாமல் கேட்பது, எதிரில் இருப்பவர் தாமே ஒதுக்கப்பட்ட அனுபவத்தை நினைத்துப் பார்க்கச் செய்வது, இவ்வளவுதான் முறை. வெறுப்பு குறைந்தது, அந்த மாற்றம் 3 மாதம் கழித்தும் நின்றது.

ருசிகரமான விஷயம், இதே போன்ற முடிவைச் சொன்ன முந்தைய ஆய்வு ஒன்று 2015-ல் திரும்பப் பெறப்பட்டது. அதன் தரவில் இருந்த கோளாறை வெளியே கொண்டுவந்தவர்களில் இந்த இருவரும் உண்டு. சந்தேகப்பட்டவர்களே செய்து பார்த்ததால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

மறுதலை:
அந்த ஆய்வு எனக்குச் சாதகம், தேனீ. அது வாசலில் நடந்த பேச்சு. பயிற்சி பெற்றவர், எதிரில் ஒரே ஆள், வேடிக்கை பார்க்க யாருமில்லை. பொது இடத்தில் நூறு பேர் பார்க்கும்போது "நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அவர் பக்கத்து ஆட்களே அவரைக் கிழிப்பார்கள். அங்கே பேசுவது எதிராளிக்காக அல்ல, பார்ப்பவர்களுக்காக. பார்ப்பவர்களுக்கு வேண்டியது தெளிவான மறுப்பு.

"தகவல் சொன்னால் இன்னும் பிடிவாதம் கூடும்" என்ற பழைய பயமும் வேண்டாம். ஆய்வாளர்கள் நைஹன், ரைஃப்லர் 2010-ல் அப்படிச் சொன்னார்கள். பிறகு வுட், போர்ட்டர் என்ற வேறு இருவர் 10,000-க்கு மேற்பட்டவர்களிடம் ஐம்பதுக்கு மேற்பட்ட தலைப்பில் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய எங்குமே தென்படவில்லை.

தேனீ:
சரி. ஆனால் இந்த நால்வரும் பிறகு சேர்ந்து செய்த ஆய்வையும் சேர்த்துச் சொல்லுங்கள். தகவலைத் திருத்தினால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், வேட்பாளர் மீதான பிடிப்பு மட்டும் அசைவதில்லை. தகவல் மாறியும் ஓட்டு மாறவில்லை என்றால், பிடிப்பு வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று கேட்காமல் தெரியாது.

கடிவாளம்:
குழு நடத்துறவன் கோணத்துல நாலு வார்த்தை. நீங்க ரெண்டு பேரும் வாதத்தோட கட்டுமானத்தைப் பேசுறீங்க. சண்டை மூளுறது அதுல இல்ல.

பேர் சொல்லிப் பேசிட்டு இருந்தவர் "உங்க ஆளுங்க" "நீங்கல்லாம்"னு பன்மைக்குப் போனா, அடுத்த நாலு பதிவுக்குள்ள தீ பிடிக்கும். "நீங்க" திடீர்னு "நீ" ஆனா, தாமதிக்காம உள்ள புகுந்துடணும். எதிராளி மதிக்கிற தலைவரை "அவன்"னு எழுதினா, அதுக்கப்புறம் வர்ற புள்ளிவிவரத்தை யாரும் படிக்க மாட்டாங்க. "அவர்"னு எழுதிட்டே அவரோட கொள்கையைத் தோலுரிக்கலாம், யார் தடுத்தது?

ஆவேசத்துக்கு நான் தடை போடுறதே இல்ல. "இந்தத் திட்டம் கொடூரமானது"ன்னு எழுதலாம். "இதை ஆதரிக்கிறவன் கொடூரன்"னா நீக்கிடுவேன். ஒரே புள்ளியில மூணு சுற்று போயும் புதுத் தகவலோ புதுக் காரணமோ வரலைன்னா அந்தப் பேச்சு இழையைப் பூட்டிடலாம். பூட்டுறதுக்கு முன்னாடி "நாம வேறுபடுறது இந்த இடத்துல"ன்னு ரெண்டு தரப்பும் ஆளுக்கு ஒரு வரி எழுதணும். அந்த வரியைப் பெரும்பாலும் ரெண்டு பேராலயும் எழுத முடியாது. அங்கதான் தெரியும், அதுவரைக்கும் எதைப் பத்தி அடிச்சுக்கிட்டாங்கன்னு அவங்களுக்கே பிடிபடலைன்னு.

மறுதலை:
சுவடி, உங்கள் விதியை உங்கள் மீதே சோதிக்கிறேன். நீங்கள் கட்டாய வாக்களிப்பை ஆதரிப்பவர். உங்கள் வாதம்: "எல்லாரும் வந்தால்தான் ஆட்சிக்கு உண்மையான ஆதரவு எவ்வளவு என்று தெரியும். ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் வாக்குப்பதிவு 60 சதவீதத்துக்கும் கீழே. 1924-ல் கட்டாயமாக்கினார்கள், 1925-ல் 91-ஐத் தாண்டியது. சிறு அபராதம், பெரிய பலன்." சரியா?

சுவடி:
எண்கள் சரி. காரணம் பாதிதான். சதவீதம் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. யார் வராமல் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. கூலியை விட்டு வர முடியாதவரும் இளையவரும் வரவில்லை என்றால், வேட்பாளர் அவர்களை நினைத்துத் திட்டம் தீட்ட மாட்டார். வராதவரை நோக்கி ஆட்சியைத் திருப்பவே கட்டாயம் வேண்டும் என்கிறேன்.

மறுதலை:
திருத்திக்கொள்கிறேன்: "யார் விடுபடுகிறார்கள் என்பதே பிரச்சினை, கட்டாயம் அவர்களைக் கணக்கில் கொண்டுவரும்." இப்போது மறுப்பு. நெதர்லாந்து 1970-ல் கட்டாயத்தைக் கைவிட்டது. 1967-ல் 95 சதவீதத்தை ஒட்டி இருந்த வாக்குப்பதிவு 1971-ல் 80-க்குக் கீழே வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் கட்டாயமாக வந்தும், பலருக்கு அது பழக்கமாகவில்லை. அபராதம் உடலை வரவழைக்கிறது, ஈடுபாட்டை அல்ல.

உங்கள் திருத்தம் இல்லாவிட்டால் ஆஸ்திரேலியச் சதவீதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் மூன்றாவது புள்ளி நிற்கிறது. இது நம் இருவரையும் ஒரே அளவில் தொடும் பொருள். ஒருவரின் குடியுரிமையோ திருமணமோ பேசுபொருளானால், சொல்லிக்காட்டும் பாரத்தை முதலில் இழக்க ஒன்றுமில்லாதவர் சுமக்கட்டும்.

சுவடி:
அதை ஏற்கிறேன். முதல் சுருக்கம் பாதிக்கப்படாதவரிடமிருந்து வரட்டும். பாதிக்கப்பட்டவர் திருப்பிச் சொல்வது அவர் விருப்பம், அதை யாரும் கேட்டு வாங்கக் கூடாது. விதியே வேண்டாம் என்பதைத்தான் ஏற்கவில்லை.

வாக்களிப்புக்கு வருவோம். எதைக் காட்டினால் உங்கள் நிலை மாறும்?

மறுதலை:
"யாருக்கும் இல்லை" என்று போடும் வாக்கு தனியாக எண்ணி அறிவிக்கப்பட்டு, அது முதலிடம் பிடித்தால் மறுதேர்தல் என்று சட்டம் இருந்தால், கட்டாயத்தை எதிர்க்க மாட்டேன். மறுக்கும் உரிமை அப்போது பெட்டிக்குள்ளேயே இருக்கும். உங்களுக்கு?

சுவடி:
பெயர் தானாகப் பட்டியலில் ஏறுவது, சம்பளத்தோடு விடுமுறை, பல நாள் வாக்குப்பதிவு. இந்த மூன்றும் சேர்ந்து கூலித்தொழிலாளரின் வாக்குப்பதிவை மற்றவர்கள் அளவுக்கு உயர்த்திவிட்டால் அபராதம் தேவையில்லை. மறுதேர்தலிலும் "யாருக்கும் இல்லை" முதலிடம் பிடித்தால் என்ன செய்வீர்கள்?