‘அதாலத்’ பார்த்தவர்கள் கொஞ்சம் உதவுங்களேன்

சோனியில் 2010 முதல் 2015 வரை வந்த இந்தித் தொடர் ‘அதாலத்’. ரோனித் ராய் நடித்த கே.டி. பாதக்கை மறந்திருக்க மாட்டீர்கள். குற்றம் செய்யாதவர்களுக்காக மட்டுமே வாதாடும் வக்கீல். நிஜக் கோர்ட்டில் இவ்வளவு வேகமாகத் தீர்ப்பு வருமா என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே சிரிப்புதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2012-ல் ‘சிஐடி’ என்ற துப்பறியும் தொடரின் குழுவோடு சேர்ந்து ஒரு சிறப்புக் கதை வந்ததே, அதை அம்மா மறுபடி பார்க்க வேண்டுமாம். எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. முழுசாக, முறையான தளத்தில் எங்கே இருக்கிறது? எந்த எபிசோடில் ஆரம்பிக்க வேண்டும்? அப்புறம், 2016-ல் வந்த இரண்டாவது சீசன் பார்க்கத் தேறுமா?