இரண்டு ஏப்ரன்

பாரிஸில் ஒரு உணவகச் சமையலறையில் எட்டு வருடம் வேலை செய்தேன். மாலி நாட்டு அக்கா ஒருவர் அங்கே பாத்திரம் கழுவுவார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஏப்ரன் கட்டிக்கொள்வார். தண்ணீர் தெறிக்கும் என்பதற்காக என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் குனிந்து தட்டு அடுக்கும்போது, எங்கட பெடியன் ஒருவன் பின்னால் நின்று இரண்டு கையையும் அகல விரித்து அளவு காட்டி, "காப்பிலி" (கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் எங்கட சொல்) என்று ஏதோ சொல்ல, நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவர் திரும்பவில்லை. பின் ஏப்ரனின் முடிச்சை மட்டும் இன்னும் இறுக்கிக் கட்டினார்.

அப்புறம் கனகாலம் கழித்து மகளின் பள்ளிப் பாடத்தில் சாரா பார்ட்மன் பற்றிப் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் என்ற பழங்குடிப் பெண். 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய், 'ஹொட்டென்டொட் வீனஸ்' என்று பெயர் வைத்து ('ஹொட்டென்டொட்' என்பது கொய்கொய் மக்களுக்கு வெள்ளையர் வைத்த இழிபெயர்), அங்கே பிக்கடிலித் தெருவில் ஆளுக்கு 2 ஷில்லிங் வாங்கி, அவரது பெரிய பின்பக்கத்தை வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். வந்த சனம் அவரைக் கிள்ளியும் கைத்தடியால் குத்தியும் பார்த்தது. 1815 மார்ச்சில் பாரிஸில் குவியே என்ற விஞ்ஞானியும் ஓவியர்களும் அவரை நிர்வாணமாக்கி வரையப் பார்த்தபோது, இடுப்புத் துணியை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை. அந்த வருடமே இறந்துபோனார். உயிரோடு இருந்தபோது காட்ட மறுத்ததை, இறந்த பிறகு குவியே அறுத்துப் போத்தலில் போட்டார். எலும்புக்கூடு 1974 வரை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தது. ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் குவியேயின் பெயரும் ஒன்று, இப்போதும் இருக்கிறது.

அந்தத் துணியைப் பற்றி வாசித்தபோதுதான் அக்காவின் பின் ஏப்ரன் எதற்கென்று எனக்கு விளங்கியது. அவரைத் தேடினேன், வேலை மாறிப் போய்விட்டார்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்கள் சொன்ன "காப்பிலி" எங்கள் பக்கம் "காப்பிரி". சுருட்டை முடி என்றால் "காப்பிரி முடி" என்று பாட்டி சொல்லும், யாரும் தப்பாக நினைத்ததில்லை. அதே வேரிலிருந்து வந்த "காஃபிர்" என்ற வசைச்சொல்லைப் போலீஸ்காரர் மீது வீசியதற்காகத் தென்னாப்பிரிக்காவில் 2018இல் ஒரு பெண்ணுக்குச் சிறைத்தண்டனையே கொடுத்தார்கள். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அப்போது அங்கே போர்ட் எலிசபெத் நகரில் வேலையில் இருந்தேன்.

ஹாங்கி ஊரில் சாராவின் கல்லறைக்கு உடன் வேலை செய்த பெண் ஒருவர்தான் கூட்டிப்போனார். அவரது உடல் எச்சங்களைத் திருப்பித் தரும்படி மண்டேலா 1994இல் கேட்டு, பிரான்ஸ் அதற்கென்று தனிச் சட்டம் போட்டுக் கொடுத்து, 2002 ஆகஸ்ட் 9, அங்கே பெண்கள் தினத்தன்று அடக்கம் செய்தார்கள். கல்லறையைச் சுற்றி இரும்புக் கம்பி. 2015இல்கூட யாரோ வெள்ளை பெயின்ட் ஊற்றினார்களாம். கம்பியைப் பிடித்தபடி அந்தப் பெண் கேட்டார்: "உங்கள் மொழியில் எங்களை என்னவென்று சொல்வீர்கள்?"

"ஆப்பிரிக்கர்" என்றேன். பாட்டியின் சொல் வாயில் வரவில்லை.