வீராணம் ஏரிக் கட்டுரை: கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு நான் புதியவன். வீராணம் ஏரிக் கட்டுரையில் சேர்க்க ஒரு பகுதியை என் மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் சோதனைப் பக்கத்தில்) எழுதி வைத்திருக்கிறேன். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு வருவதும், அங்கிருந்து குழாயில் சென்னைக்குப் போவதும்தான் விஷயம். கீழணை கட்டிய ஆண்டு 1836 என்பதற்கு நூல் சான்று இருக்கிறது. மதகுகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர்களுக்குத்தான் அச்சில் எதுவும் கிடைக்கவில்லை. பெரியவர்கள் வாய்ச்சொல் மட்டுமே. சொந்த ஆய்வு கூடாது என்ற விதிப்படி அதை எடுத்துவிடவா? எனக்கு மனசில்லை, படிக்கச் சுவையாக இருப்பதே அந்த இடம்தான்.

அப்புறம், நான் எடுத்த மதகுப் படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றும்போது எந்த உரிமம் கொடுப்பது? மேற்கோள், நடை எதுவானாலும் தயங்காமல் வெட்டித் திருத்துங்கள். பேச்சுப் பக்கத்தில் காரணத்தை ஒரு வரி எழுதினால் போதும்.