பழைய பட்டுப்புடவையில் பாவாடையும் எண்ணெயில் பிரியும் அதிரசமும்

கேள்வி: தீபாவளிக்கு என் 6 வயது மகளுக்கு, அம்மாவின் பழைய பட்டுப்புடவையில் பாவாடை தைக்க எண்ணியுள்ளேன்; ஆனால் மடிப்புகளில் இழை விட்டிருக்கிறது. சென்ற ஆண்டு நான் சுட்ட அதிரசமும் எண்ணெயில் பிரிந்துபோனது. வழி கூறுவீர்களா?

மறுமொழி 1: இழை விட்ட பகுதியைத் தவிர்த்து வெட்டி, உள்ளே மெல்லிய பருத்தித் துணியை லைனிங்காகக் கொடுங்கள், சகோதரி. சரிகைக் கரைக்கு மேல் இரண்டு டக் பிடித்துத் தைத்தால், குழந்தை வளர வளரப் பிரித்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

மறுமொழி 2: அதிரசம் பிரிவதற்குப் பெரும்பாலும் இளம்பாகே காரணம். வெல்லப்பாகைச் சிறிது தண்ணீரில் விட்டால், கையில் உருட்டும்படி மென்மையாகத் திரள வேண்டும். ஊறிய பச்சரிசியை நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே அரைத்து, பாகில் கிளறிய மாவை ஒரு நாளாவது வைத்திருந்து சுடுங்கள்.

மறுமொழி 3: மாவு இளகிவிட்டால் சிறிது அரிசி மாவைச் சேர்த்துப் பிசைந்து, முதலில் ஒன்றை மட்டும் சுட்டுப் பாருங்கள், என் மாமியார் அப்படித்தான் காப்பாற்றுவார்.